பிளெண்டர் என்ற முப்பரிமாண அனிமேஷன் மென்பொருளில் கீஃபிரேம்கள் சரியாக இருந்தும் அசைவு செயற்கையாகத் தெரிகிறது. கிராஃப் எடிட்டரில் வளைவுகளை எப்படித் திருத்துவது?

இங்கே மூன்று கோளாறுகளைப் பார்ப்போம்: துள்ளும் பந்து தரைக்கு அருகில் மிதக்கிறது, ஊன்றிய பாதம் வழுக்குகிறது, கை நடுவில் ஒரு முழுச் சுற்று சுற்றிவிடுகிறது. மூன்றுக்கும் காரணம் வேறு, மருந்தும் வேறு. ஆனால் வியூபோர்ட்டை (காட்சி தெரியும் சாளரம்) பார்த்தபடி நடுநடுவே புதுக் கீ (கீஃபிரேம், அதாவது பொருளின் நிலை பதிவான ஃபிரேம்) போட்டு இவற்றைச் சரிசெய்ய முயன்றால் மூன்றுமே மோசமாகும். கீ கூடக்கூட வளைவில் நெளிவு கூடும். அதனால் முதலில் வளைவைப் படிக்க வேண்டும்.

கிராஃப் எடிட்டரில் கிடை அச்சு ஃபிரேம், நெடு அச்சு மதிப்பு. வளைவின் சாய்வுதான் வேகம். செங்குத்தாக ஏறினால் வேகம் அதிகம், படுத்துக் கிடந்தால் பொருள் நிற்கிறது, முனை உடைந்திருந்தால் அந்த ஃபிரேமில் வேகம் சட்டென்று மாறுகிறது. ஒரு கோட்டைப் பார்த்ததும் இவ்வளவும் சொல்ல முடிந்தால் பாதி வேலை முடிந்தது.

கீகளைப் பட்டியலாகக் காட்டும் டோப் ஷீட்டின் மேல் கர்சரை வைத்து கன்ட்ரோல் + டேப் அழுத்தினால் கிராஃப் எடிட்டருக்கு மாறும். திருத்தவேண்டிய சேனலை (ஓர் அச்சின் நகர்வு அல்லது சுழற்சி போன்ற ஒரு வளைவு) மட்டும் தேர்ந்தெடுத்து ஷிஃப்ட் + ஹெச் அழுத்தினால் மற்ற வளைவுகள் மறையும். ஹோம் கீ முழு வளைவையும் திரைக்குள் கொண்டுவரும். 90 டிகிரி சுழற்சியும் 0.5 மீட்டர் நகர்வும் ஒரே திரையில் இருந்தால் நகர்வின் வளைவு தட்டையான கோடு போலத் தெரியும்; அப்போது நார்மலைஸ் பொத்தானை அழுத்துங்கள்.

இனி பந்து. கீயின் இருபக்கமும் நீண்டு வளைவின் சாய்வைத் தீர்மானிக்கும் பிடிதான் ஹேண்டில். பிளெண்டரின் இயல்பான ஹேண்டில் வகை ஆட்டோ கிளாம்ப்டு. மேல் உச்சியிலும் கீழ் உச்சியிலும் அது ஹேண்டிலைக் கிடையாகப் படுக்கவைக்கும். மேல் உச்சியில் அது சரி, அங்கே பந்து ஒரு கணம் நிற்கத்தான் வேண்டும். தரையைத் தொடும் கீயிலும் அதே நடப்பதால்தான் பந்து தரையை நெருங்கும்போது வேகம் குறைந்து மிதக்கிறது. விழும் பொருள் தரையைத் தொடும் கணத்தில்தான் உச்ச வேகத்தில் இருக்கும்.

எண்களோடு பார்ப்போம். 1.225 மீட்டர் உயரத்திலிருந்து விழ அரை விநாடி ஆகும், அதாவது விநாடிக்கு 24 ஃபிரேம் என்றால் 12 ஃபிரேம். உச்சிக் கீ 1ஆம் ஃபிரேமில், மதிப்பு 1.225. தரைக் கீ 13ஆம் ஃபிரேமில், மதிப்பு 0. இரண்டையும் தேர்ந்தெடுத்து, வி அழுத்தி, ஃப்ரீ என்று மாற்றுங்கள். என் (N) அழுத்தினால் வலப்பக்கம் பேனல் திறக்கும். அதில் எஃப்-கர்வ் தாவலில் ஹேண்டில்களின் ஃபிரேமையும் மதிப்பையும் எண்ணாகவே உள்ளிடலாம். உச்சிக் கீயின் வலது ஹேண்டில் 5ஆம் ஃபிரேமில், மதிப்பு 1.225. தரைக் கீயின் இடது ஹேண்டில் 9ஆம் ஃபிரேமில், மதிப்பு 0.817. விதி எளிது: இரண்டு ஹேண்டிலும் இடைவெளியில் மூன்றில் ஒரு பங்கு நீளம், தரைக் கீயின் ஹேண்டில் மட்டும் உயரத்தில் மூன்றில் இரண்டு பங்கில் நிற்க வேண்டும். அப்படி வைத்தால் கிடைப்பது துல்லியமான பரவளையம், புவியீர்ப்பு தரும் அதே வளைவு. பந்தின் ஆரிஜின் (அதன் இடத்தைக் குறிக்கும் புள்ளி) அதன் நடுவில் இருந்தால் எல்லா மதிப்புகளோடும் ஆரத்தைக் கூட்டிக்கொள்ளுங்கள், இல்லையென்றால் பாதிப் பந்து தரைக்குள் போய்விடும்.

தரைக் கீக்கு அலைன்டு வகை உதவாது. அது இருபக்க ஹேண்டிலையும் ஒரே நேர்கோட்டில் வைத்திருக்கும் என்பதால், இறங்கும் சாய்வு அப்படியே தொடர்ந்து பந்து தரைக்குக் கீழே போய்த்தான் திரும்பும். வெக்டர் வகை முனையை உடைக்கும், ஆனால் ஹேண்டில் பக்கத்துக் கீயை நோக்கி நேராகத் திரும்பிவிடுவதால் மோதும் வேகம் வேண்டியதில் பாதிதான் கிடைக்கும். மிதப்பு குறையுமே தவிர பந்துக்கு எடை வராது.

அடுத்த துள்ளலின் உயரத்தையும் நேரத்தையும் தனித்தனியாக ஊகித்து வைப்பதுதான் பலர் செய்யும் தவறு. நேரம் உயரத்தின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது. உயரம் கால்பங்கானால், அதாவது 0.306 மீட்டரானால், ஏற 6 ஃபிரேம், இறங்க 6 ஃபிரேம். உயரம் பாதியானால் 12 ஃபிரேம் 6 ஆகாது, ஏறத்தாழ 8.5 ஆகும், 8 அல்லது 9 வைத்துக்கொள்ளலாம். இந்தக் கணக்கு பிசகினால் ஹேண்டிலை எவ்வளவு அழகாக வளைத்தாலும் பந்து நம்பும்படி துள்ளாது. முன்னோக்கிப் போகும் எக்ஸ் வளைவில் ஒவ்வொரு துள்ளலுக்கும் கீ வேண்டாம்: தொடக்கத்தில் ஒன்று, முடிவில் ஒன்று, டி (T) அழுத்தி லீனியர் (நேர்கோடு).

ஹேண்டிலைத் தொடாமலே இதைச் செய்யவும் வழி உண்டு. உச்சிக் கீக்கு டி மெனுவில் குவாட்ராடிக், பிறகு கன்ட்ரோல் + ஈ அழுத்தி ஈஸ் இன். தரைக் கீக்கும் குவாட்ராடிக், ஆனால் ஈஸ் அவுட். ஒரு பகுதியின் இன்டர்பொலேஷன் (இரு கீகளுக்கு இடையே மதிப்பு மாறும் விதம்) அதன் இடப்பக்கக் கீயைச் சேர்ந்தது என்பதை நினைவில் வையுங்கள். பலரும் வலப்பக்கக் கீயை மாற்றிவிட்டு எதுவும் நடக்கவில்லை என்று தேடிக்கொண்டிருப்பார்கள். இந்த முறையில் கணக்கு பிசகாது, ஆனால் வளைவைக் கையால் இழுத்துத் திருத்த ஹேண்டில் இருக்காது. கதாபாத்திர அனிமேஷனுக்கு நான் ஃப்ரீ ஹேண்டிலையே பரிந்துரைப்பேன்.

பாதம் வழுக்குவதற்கு வருவோம். 20ஆம் ஃபிரேமிலும் 32ஆம் ஃபிரேமிலும் ஒரே மதிப்பு இருந்தும் இடையில் கால் நகர்ந்தால், ஹேண்டில் வகை ஆட்டோமேட்டிக் என்று இருக்கிறதா பாருங்கள். அது பக்கத்துக் கீகளின் போக்கைக் கொண்டு சாய்வைக் கணிப்பதால் வளைவு இலக்கைத் தாண்டிப் போய்த் திரும்பும். ஆட்டோ கிளாம்ப்டு போட்டால் வழுக்கல் நிற்கும். ஆனால் அது வெளிப்பக்க ஹேண்டிலையும் படுக்கவைத்துவிடும், கால் தரையை நெருங்கும்போது தயங்கி மெதுவாக இறங்கும். அழுத்தமான அடி வேண்டுமென்றால் அந்தக் கீயை ஃப்ரீ ஆக்கி, உள்பக்க ஹேண்டிலைக் கிடையாகவே விட்டு, வெளிப்பக்க ஹேண்டிலை மட்டும் சாய்வாகத் தூக்குங்கள். இன்ப்ளேஸ் நடைச் சுழற்சி (நின்ற இடத்திலேயே திரும்பத் திரும்ப நடப்பது) என்றால் கதை வேறு: ஊன்றிய பாதம் பின்னோக்கிச் சீரான வேகத்தில் போக வேண்டும், அந்தப் பகுதி லீனியராகவே இருக்கட்டும். காலில் ஐகே (பாதத்தை வைத்தால் மூட்டுகள் தாமே வளையும் முறை) இல்லாமல் எஃப்கே (ஒவ்வொரு மூட்டையும் தனித்தனியாகச் சுழற்றும் முறை) மட்டும் இருந்தால் வளைவைத் திருத்தி மாளாது. ரிக்கில் (கதாபாத்திரத்தை அசைக்கும் எலும்புக்கூடு) ஐகே சேர்ப்பதே வழி.

கை சுற்றுவது ஹேண்டில் விவகாரமே இல்லை. ஆய்லர் சுழற்சியில் (மூன்று அச்சுகளின் கோணங்களால் சுழற்சியைச் சொல்லும் முறை) ஒரு கீ 179, அடுத்தது −179 என்று பதிவாகியிருக்கும். தோற்றத்தில் 2 டிகிரிதான் வித்தியாசம், வளைவோ 358 டிகிரி கடக்கிறது. மெனுவில் உள்ள டிஸ்கன்டினியுட்டி (ஆய்லர்) ஃபில்டர் −179ஐ 181 ஆக்கிவிடும். மூன்று அச்சுகளின் வளைவுகளையும் சேர்த்துத் தேர்ந்தெடுத்துவிட்டு ஓட்டுங்கள். போன்களுக்கு (ரிக்கின் எலும்புகள்) பிளெண்டரில் இயல்பாக இருப்பது குவாட்டர்னியன். அதில் நான்கு வளைவுகளும் சேர்ந்துதான் ஒரு சுழற்சி, ஒன்றை மட்டும் இழுத்தால் மற்றதோடு ஒட்டாது. கிராஃப் எடிட்டரில் நிறையத் திருத்தப்போகும் போன் என்றால் கீ போடுவதற்கு முன்பே அதன் ரொட்டேஷன் மோடை ஆய்லருக்கு மாற்றிவிடுங்கள்.

ஒரு இடத்தில் கீயை நகர்த்தினால் தொலைவில் உள்ள வளைவும் அசைகிறதா? அதே எஃப்-கர்வ் தாவலில் ஆட்டோ ஹேண்டில் ஸ்மூத்திங் என்பது கன்டினியுவஸ் ஆக்சலரேஷன் என்று இருக்கும். நன் (None) என்று மாற்றினால் விளைவு பக்கத்துக் கீகளோடு நின்றுவிடும். எஸ் அழுத்தி நேரத்தைச் சுருக்கியபின் கீகள் 12.4 போன்ற பின்ன ஃபிரேம்களில் விழுந்திருக்கலாம். அப்படியானால் பந்து தரையைத் தொடும் கணம் ரெண்டரில் (இறுதியாக உருவாகும் படங்கள்) வரவே வராது. ஷிஃப்ட் + எஸ் மெனுவில் அருகிலுள்ள முழு ஃபிரேமுக்கு ஒட்டவைக்கலாம்.

திரும்பத் திரும்ப ஓடும் அனிமேஷனில் 1ஆம் ஃபிரேமும் 25ஆம் ஃபிரேமும் ஒரே நிலை என்றால் 24 வரை மட்டும் ரெண்டர் செய்யுங்கள். 25ஐயும் சேர்த்தால் ஒரே படம் இருமுறை வந்து தட்டும். இரு முனைகளிலும் மதிப்பு மட்டுமல்ல, சாய்வும் ஒன்றாக இருக்க வேண்டும். ஷிஃப்ட் + ஈ அழுத்தி மேக் சைக்ளிக் கொடுத்தால் ஆட்டோ வகை ஹேண்டில்கள் இதைத் தாமே பார்த்துக்கொள்ளும். ஃப்ரீ ஹேண்டிலை நீங்கள்தான் பொருத்த வேண்டும்.

மாயா, ஆஃப்டர் எஃபெக்ட்ஸ் ஆகிய வேறு மென்பொருள்களில் சில வித்தியாசங்கள் உண்டு. மாயாவில் வேலை செய்பவர்களுக்கு ஒன்று: டேன்ஜென்ட் (அங்கே ஹேண்டிலின் பெயர்) வெயிட்டட் ஆக இல்லாவிட்டால் அதன் கோணம்தான் மாறும், நீளம் மாறாது. மேலே சொன்ன ஹேண்டில் நீளங்களை வைக்க முதலில் கர்வ்ஸ் மெனுவில் அதை வெயிட்டட் ஆக்குங்கள். ஆஃப்டர் எஃபெக்ட்ஸில் எஃப்9 தேர்ந்தெடுத்த எல்லாக் கீயிலும் வேகத்தை 0 ஆக்கி 33.33 சதவீத இன்ஃப்ளுயன்ஸ் (ஹேண்டிலின் நீளம்) கொடுக்கும். நடுவில் உள்ள கீகளுக்கும் அதையே அடித்தால் பொருள் ஒவ்வொரு கீயிலும் நின்று நின்று போகும்; முதலும் கடைசியும் போதும். அங்கே ஸ்பீடு கிராஃப், வேல்யூ கிராஃப் என இரண்டு உண்டு. ஸ்பீடு கிராஃபில் உயரமே வேகம், சாய்வு அல்ல. பொசிஷனை வேல்யூ கிராஃபில் ஹேண்டில் பிடித்துத் திருத்த, முதலில் செபரேட் டைமென்ஷன்ஸ் கொடுத்து எக்ஸையும் ஒய்யையும் பிரிக்க வேண்டும்.