ஒப்பந்தம் இன்னும் நான்கு ஆண்டு இருக்க, பயிற்சியாளர் கிளம்பியது எப்படி?

கேள்வி: மகன் அமெரிக்காவில் நடுத்தரப் பல்கலைக்கழகம் ஒன்றில் படிக்கிறான். அவனால் எங்களுக்கும் அமெரிக்கன் ஃபுட்பால் பித்துப் பிடித்துவிட்டது. இரண்டு ஆண்டு அணி அபாரமாக ஆடியது. நவம்பர் முடிந்ததும் தலைமைப் பயிற்சியாளர் பெரிய பல்கலைக்கழகத்துக்குப் போய்விட்டார். ஒப்பந்தத்தில் இன்னும் நான்கு ஆண்டு பாக்கி. எப்படிப் போகவிட்டார்கள்? சம்பளத்தைக் கூட்டி நிறுத்தியிருக்கக் கூடாதா?

பதில்: ஐந்தாண்டு ஒப்பந்தம் என்றால் ஐந்தாண்டு இருப்பார் என்று பொருள் இல்லை. விருப்பமில்லாதவரை வேலை பார்த்தே தீர வேண்டும் என்று அமெரிக்க நீதிமன்றங்கள் பொதுவாகக் கட்டாயப்படுத்துவதில்லை. பாதியில் போனால் எவ்வளவு கட்டிவிட்டுப் போக வேண்டும் என்று விலை குறிப்பதுதான் ஒப்பந்தத்தால் ஆகும் காரியம். அந்தத் தொகைக்கு பைஅவுட் என்று பெயர். கென்ட் ஸ்டேட்டின் கூடைப்பந்துப் பயிற்சியாளர் ஜீனோ ஃபோர்டும் 2011இல் நான்கு ஆண்டு மீதமிருக்கையில்தான் பிராட்லி பல்கலைக்கழகத்துக்குப் போனார். ஆண்டுக்கு 3 லட்சம் டாலர் வீதம் நான்கு ஆண்டுக்கு 12 லட்சம் டாலர் அவர் கட்ட வேண்டும் என்பதை ஒஹாயோ மேல்முறையீட்டு நீதிமன்றம் 2015இல் உறுதி செய்தது. பணம் வந்தது, ஆள் போனது போனதுதான். பெரும்பாலும் இந்தத் தொகையைப் புதிய பல்கலைக்கழகமே ஏற்றுக்கொள்ளும்.

அப்படியானால் யாரும் தொட முடியாதபடி 3 கோடி டாலர் என்று எழுதிவைக்கலாமே என்று தோன்றும். இரண்டு தடைகள். பைஅவுட் என்பது இழப்பின் நியாயமான மதிப்பீடாக இருக்க வேண்டும், தண்டனையாக இருந்தால் வழக்கில் நிற்காது. ஜெரி டினார்டோ என்ற ஃபுட்பால் பயிற்சியாளர் வாண்டர்பில்ட் பல்கலைக்கழகத்தை விட்டு லூசியானா ஸ்டேட் பல்கலைக்கழகத்துக்கு (எல்.எஸ்.யூ.) போன வழக்கில் 1999இல் வாண்டர்பில்ட்டின் பைஅவுட் விதி செல்லும் என்று தீர்ப்பானதும் இந்த அளவுகோலில்தான். இரண்டாவது தடை இதைவிடப் பெரியது. வளர்ந்துவரும் பயிற்சியாளர் சிறிய இடத்துக்கு வருவதே அதை ஏணியாக நினைத்துத்தான். ஏணிக்குப் பூட்டுப் போட்டால் அவர் ஏறவே மாட்டார், பக்கத்துப் பல்கலைக்கழகத்துக்குப் போய்விடுவார்.

இனி சம்பளம். ஆப்பலாச்சியன் ஸ்டேட் என்ற சிறிய இடத்தில் ஈலை டிரிங்க்விட்ஸ் 2019இல் ஒரே ஒரு பருவம் தலைமைப் பயிற்சியாளராக இருந்தார். அங்கே ஆண்டுக்கு 7.5 லட்சம் டாலர். அவரை அழைத்துக்கொண்ட மிசூரி பல்கலைக்கழகம் கொடுத்தது ஆண்டுக்கு 40 லட்சம். சம்பளத்தை இரட்டிப்பாக்கியிருந்தாலும் பாதி தூரம்கூடப் போயிருக்காது. இந்த இடைவெளியின் வேர் தொலைக்காட்சிப் பணத்தில் இருக்கிறது. பல்கலைக்கழக அணிகள் கூடி ஆடும் குழுக்களுக்கு கான்ஃபரன்ஸ் என்று பெயர். எஸ்.இ.சி., பிக் டென் என்ற இரண்டு பெரிய கான்ஃபரன்ஸ்களில் ஓர் உறுப்பினருக்கு ஆண்டுக்கு 5 கோடி டாலருக்கு மேல் பங்கு கிடைக்கிறது. சிறியவற்றில் வசதியானது என்று பெயர் பெற்ற அமெரிக்கன் கான்ஃபரன்ஸ் 2019இல் அறிவித்த ஒப்பந்தம் 12 ஆண்டுக்கு 100 கோடி டாலர். ஓர் உறுப்பினருக்கு ஆண்டுக்கு ஏறத்தாழ 70 லட்சம்தான் தேறும். பெரிய அணியின் மைதானத்துக்குப் போய் அடி வாங்கிக்கொண்டு காசோலையோடு திரும்பும் ஆட்டங்களும் இந்தப் பற்றாக்குறையால்தான் நடக்கின்றன. 2022 செப்டம்பரில் டெக்சஸ் ஏ அண்ட் எம் 15 லட்சம் டாலர் கொடுத்து ஆப்பலாச்சியன் ஸ்டேட்டை அழைத்து, 14-17 என்று தோற்றது தனி வேடிக்கை.

ஆனால் சம்பளத்தை மட்டும் பார்ப்பவர்கள் ஒன்றைத் தவறவிடுகிறார்கள். தலைமைப் பயிற்சியாளருக்குத் தன் சம்பளத்தை விடவும் உதவிப் பயிற்சியாளர்களுக்கான மொத்த ஒதுக்கீடும் வீரர்களுக்கான பணமும்தான் உறுத்தும். தாக்குதல் ஆட்டத்தை வகுக்கும் ஒருங்கிணைப்பாளரை வேறொருவர் இரண்டு மடங்கு கொடுத்துத் தூக்கிக்கொண்டு போனால் அடுத்த பருவமே அணி சரியும், பழி தலைமை மேல் விழும். 2025 ஜூலையிலிருந்து பல்கலைக்கழகங்களே வீரர்களுக்கு நேரடியாகப் பணம் தரலாம். முதல் ஆண்டின் உச்சவரம்பு ஏறத்தாழ 2 கோடியே 5 லட்சம் டாலர். பெரியவர்கள் அந்த வரம்பை முட்டுகிறார்கள், சிறியவர்களுக்கு அது எட்டாத உயரம். வீரர்கள் வேறு பல்கலைக்கழகத்துக்கு மாறப் பெயர் கொடுக்கும் டிரான்ஸ்ஃபர் போர்ட்டல் வந்த பிறகு நல்ல வீரரை உருவாக்குவது சிறிய அணி, அவரை ஆட வைப்பது பெரிய அணி என்றாகிவிட்டது. கர்ட் சிக்னெட்டி 2023 முடிவில் ஜேம்ஸ் மேடிசனை விட்டு இண்டியானாவுக்குப் போனபோது பத்துக்கும் மேற்பட்ட வீரர்கள் அவர் பின்னாலேயே போனார்கள். அடுத்த பருவமே இண்டியானா 11 ஆட்டங்கள் வென்று தேசியப் பட்டத்துக்கான பிளேஆஃபுக்குள் நுழைந்தது. ஆக, பயிற்சியாளர் போவது ஒற்றை இழப்பு இல்லை.

போகிறவருக்கு ஆபத்தும் குறைவு. ஸ்காட் ஃப்ராஸ்ட் 2017இல் சென்ட்ரல் ஃபுளோரிடா பல்கலைக்கழக (யூ.சி.எஃப்.) அணியைத் தோல்வியே இல்லாமல் 13-0 என்று முடித்துவிட்டு, தான் குவார்ட்டர்பேக்காக ஆடிய நெப்ராஸ்காவுக்குப் போனார். 2022 செப்டம்பரில் ஜார்ஜியா சதர்ன் என்ற சிறிய அணியிடம் தோற்ற மறுநாள் வேலை போயிற்று. அதற்கு நெப்ராஸ்கா கொடுக்க வேண்டியிருந்தது ஏறத்தாழ 1 கோடியே 50 லட்சம் டாலர். தோற்றாலும் இவ்வளவு கிடைக்கும் என்றால் யார்தான் தயங்குவார்கள்?

காலண்டரும் சிறியவர்களுக்கு எதிரி. வழக்கமான பருவம் நவம்பர் கடைசியில் முடிகிறது. பள்ளி வீரர்கள் எந்தப் பல்கலைக்கழக அணியில் சேர்வது என்று கையெழுத்திடும் நாள் டிசம்பர் முதல் வாரத்தில் வந்துவிடுகிறது. புதிய பயிற்சியாளரை அதற்குள் பிடிக்கவே பெரிய இடங்கள் அக்டோபரிலேயே பழையவரை அனுப்பிவிட்டு, முகவர்கள் வழியாகப் பேசத் தொடங்குகின்றன. 2025இல் அமெரிக்கன் கான்ஃபரன்ஸிலிருந்து மட்டும் டுலேனின் ஜான் சம்ரால் ஃபுளோரிடாவுக்கும், சவுத் ஃபுளோரிடாவின் அலெக்ஸ் கோலெஷ் ஆபர்னுக்கும், மெம்ஃபிஸின் ரயன் சில்வர்ஃபீல்டு ஆர்கன்சாவுக்கும், நார்த் டெக்சஸின் எரிக் மாரிஸ் ஓக்லஹோமா ஸ்டேட்டுக்கும் போனார்கள். ஒரே கான்ஃபரன்ஸ், ஒரே பருவம், நான்கு பேர்.

எனவே நிறுத்திவைப்பதில் முழு பலத்தையும் செலவழிப்பது வீண். போவதற்குத் தயாராக இருப்பதில்தான் சூட்சுமம். ஆர்கன்சா ஸ்டேட்டில் 2011இல் ஹியூ ஃப்ரீஸ், 2012இல் கஸ் மால்சான், 2013இல் பிரையன் ஹார்சின் என்று ஆண்டுக்கு ஒருவராகப் போய்க்கொண்டே இருந்தார்கள். அப்படியும் அணி குலையவில்லை. போகிறவர்களின் பைஅவுட் பணம் அடுத்தவரைத் தேடக் கைகொடுத்தது. பாய்சி ஸ்டேட்டின் வழி இன்னும் நல்லது. டர்க் கெட்டர் போனதும் அவருடைய உதவியாளர் டான் ஹாக்கின்ஸ் பொறுப்பேற்றார். 2005க்குப் பிறகு அவரும் போக, அவருடைய உதவியாளர் கிறிஸ் பீட்டர்சன் வந்து முதல் பருவத்திலேயே ஓக்லஹோமாவை வீழ்த்தினார். ஆட்டமுறை மாறாததால் வீரர்களுக்குப் புதிதாகக் கற்றுக்கொள்ள வேண்டியது குறைவு. இதற்கு உதவிப் பயிற்சியாளர்களுக்கு நல்ல சம்பளம் வேண்டும், அதைத்தான் பலர் முதலில் வெட்டுகிறார்கள்.

நிலைத்து நிற்பவர்களும் இருக்கிறார்கள். பெரிய இடத்தைப் பார்த்து முடித்துவிட்டு வந்தவர்கள், அந்த மண்ணோடு தொடர்புள்ளவர்கள். நெப்ராஸ்கா அனுப்பிவிட்ட ஃபிராங்க் சோலிச் 2005 முதல் 16 பருவங்கள் ஒஹாயோ பல்கலைக்கழகத்தில் இருந்தார். ஏர் ஃபோர்ஸில் 2007இல் பொறுப்பேற்ற டிராய் கால்ஹவுன் அங்கேயே படித்து ஆடியவர். ஆனால் இந்த ஊர்ப்பாசம் எதிர்ப்பக்கமும் வெட்டும். ஃப்ராஸ்டை இழுத்ததும் அதுதானே.

உங்கள் மகனின் பல்கலைக்கழகம் அரசுடையது என்றால், புதிய பயிற்சியாளரின் ஒப்பந்தத்தைத் தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டுப் பெறலாம். உள்ளூர் நாளிதழ்களே பெரும்பாலும் வெளியிட்டுவிடும். சம்பளத்தைப் பார்த்து மயங்க வேண்டாம். உதவியாளர்களுக்கான ஒதுக்கீடு இவ்வளவுக்குக் குறையாது என்று எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். வெற்றிக்குப் பிறகு ஒப்பந்தத்தை நீட்டிக்கும்போது சம்பளத்தைச் சிறிது கூட்டி, பதிலுக்குப் பைஅவுட்டைக் குறைத்துவிடும் தவறு நடக்கிறதா என்று கவனியுங்கள். தொகை எந்தத் தேதியில் இறங்குகிறது என்பதும் முக்கியம். பிப்ரவரியில் இறங்கினால் பரவாயில்லை, அதற்குள் ஆள்பிடிக்கும் சந்தை ஓய்ந்திருக்கும். டிசம்பர் 1இல் பாதியாகிறது என்று இருந்தால், நவம்பர் கடைசிச் சனிக்கிழமை ஆட்டத்தை நேரில் பார்த்துவிடச் சொல்லுங்கள் மகனிடம்.