மினியேச்சர் போர் விளையாட்டுகளில் காசு அதிகம் போட்டவர்தான் ஜெயிப்பாரா?

சின்னப் பொம்மை உருவங்களைப் படையாகக் கட்டி மேசையில் மோதவிடும் இந்த விளையாட்டுகளில், அரிய உருவங்களை வாங்கிக் குவித்தவரை வெல்லவே முடியாதா, எல்லா அணிகளும் சமம் என்பது வெறும் பேச்சா என்று கேட்டிருக்கிறீர்கள்.

விதிப்படி சமம்தான். ஒவ்வொரு உருவத்துக்கும் புள்ளியில் ஒரு விலை உண்டு. இரு தரப்பும் ஒரே மொத்தத்துக்குள் படை கட்ட வேண்டும். ‘வார்ஹேமர் 40,000’ என்ற விளையாட்டின் போட்டிகளில் இது பெரும்பாலும் 2000 புள்ளி. அரிய உருவமானாலும் புள்ளியில் விலை கொடுத்தே ஆகணும். அந்த விலையையே தப்பாகப் போட்டிருந்தால்தான் சிக்கல்.

உள்ளே எந்த உருவம் என்று தெரியாத மூடிய பெட்டியில் விற்ற சேகரிப்பு விளையாட்டுகள் இதில் வசமாக மாட்டிக்கொண்டன. 2000-இல் விஸ்கிட்ஸ் நிறுவனம் வெளியிட்ட மேஜ் நைட் விளையாட்டில், உருவத்தின் அடியில் ஒரு சுழல் வட்டு இருக்கும். அடி வாங்க வாங்கத் திருகினால் அதன் புதிய பலம் தெரியும். அருமையான யோசனை! ஆனால் பொம்மையிலேயே அச்சான எண்ணை அப்புறம் எப்படித் திருத்துவது? 2002-இல் வந்த ஹீரோகிளிக்ஸிலும் இதே வட்டுதான். அங்கே பழைய தொகுப்புகளைச் சில போட்டி வகைகளில் அனுமதிப்பதில்லை. இது சமநிலைக்கு எவ்வளவு உதவுகிறதோ, விற்பனைக்கும் அவ்வளவு உதவுகிறது என்பது என் சந்தேகம்.

வார்ஹேமரை நடத்தும் கேம்ஸ் வொர்க்‌ஷாப், புள்ளிகளை அவ்வப்போது இணையத்தில் திருத்துகிறது. ஒவ்வோர் அணியின் வெற்றி விகிதமும் 45 முதல் 55 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும் என்பது அவர்கள் இலக்கு. சராசரி சரியாக இருந்தாலும், ஓர் அணியில் உருவங்களைச் சேர்க்கும் ஒரே ஒரு படைக்கலவை மட்டும் ஜெயித்து மற்றதெல்லாம் தோற்கலாம்.

அப்புறம் மேசையையும் பாருங்கள். மறைவிடமே இல்லாத வெட்டவெளியில் தூரத்திலிருந்து சுடும் படைக்குத்தான் கொண்டாட்டம். நாலைந்து இடிந்த கட்டிடங்களை நடுவில் வைத்தால் கைகலப்புப் படைக்கும் வழி பிறக்கும்.