கேளுங்கள், சொல்கிறோம்: பாதத்து ரத்தம் எப்படி மேலே ஏறுகிறது?

கேள்வி: அம்மா மாங்கூழ் கம்பெனிக்கு சீசன் வேலைக்குப் போகிறார். நாள் முழுக்க நின்றுகொண்டே பழம் வெட்ட வேண்டும். சாயங்காலம் வந்தால் இரண்டு காலும் கொலுசு இறுகும் அளவுக்கு வீங்கியிருக்கிறது, காலையில் வடிந்துவிடுகிறது. இதயத்துக்குத் தெம்பு இல்லை, அதனால்தான் ரத்தம் மேலே ஏறவில்லை என்கிறார் பக்கத்து வீட்டு அக்கா. நிஜமா? - வாசகி, கிருஷ்ணகிரி

பதில்: அக்கா சொன்னதில் பாதி சரி. ரத்தம் ஏறச் சிரமப்படுகிறது, ஆனால் எடுத்த எடுப்பில் இதயத்தின் மேல் பழி போட வேண்டாம். சும்மா உட்கார்ந்திருக்கும்போதே அது நிமிடத்துக்குச் சுமார் 5 லிட்டர் ரத்தத்தை, உடம்புக்குக் கொண்டுபோகும் குழாய்களான தமனிகளில் தள்ளுகிறது. அந்த வேகமெல்லாம் மயிரிழையைவிட மெல்லிய தந்துகிகளைக் கடந்து, இதயத்துக்குத் திரும்பக் கொண்டுபோகும் குழாயான சிரைக்கு வருவதற்குள் பெரும்பாலும் தேய்ந்துவிடும். அப்புறம் பாதத்திலிருந்து நெஞ்சு வரை யார் ஏற்றுவது? முக்கியமாக, கெண்டைக்கால் சதைதான். நடக்கும்போது சதை சுருங்கி சிரையைப் பிழிகிறது, ரத்தம் மேலே போகிறது, போனது திரும்ப இறங்காதபடி சிரைக்குள் இருக்கும் வால்வுகள் மூடிக்கொள்கின்றன. கிணற்று மோட்டாரின் ஃபுட் வால்வு மாதிரி, ஆனால் இங்கே வழி நெடுக வால்வு.

அசையாமல் நின்றால் இந்தப் பிழியல் நடக்காது. கணுக்கால் சிரையில் அழுத்தம் ஏறக்குறைய 90 மில்லிமீட்டர் பாதரச அளவுக்குப் போய்விடும், பத்து எட்டு நடந்தால் 30 பக்கம் இறங்கும். அழுத்தம் கூடும்போது தந்துகிகளிலிருந்து நீர் கசிந்து சதையில் தங்குகிறது, அதுதான் வீக்கம். படுத்தால் ஏற வேண்டிய உயரமே இல்லை, அதனால் காலையில் வடிகிறது. வருஷக்கணக்கில் இப்படியே போனால் வால்வுகள் தளர்ந்து நரம்பு சுருட்டு வரலாம்.

நின்ற இடத்திலேயே அடிக்கடி குதிகாலைத் தூக்கித் தூக்கி இறக்கச் சொல்லுங்கள், மேஸ்திரி கேட்டால் கேட்கட்டும். ராத்திரி காலுக்குத் தலையணை வைக்கட்டும். இறுக்கமான சாக்ஸ் நல்லதுதான், ஆனால் சர்க்கரை உள்ளவர்கள் டாக்டரைக் கேட்காமல் போட வேண்டாம். ஒரு கால் மட்டும் திடீரென்று வீங்கி வலித்தாலோ, வீக்கத்தோடு மூச்சு வாங்கினாலோ, அன்றைக்கே ஆஸ்பத்திரி. மூச்சு வாங்குவது இருந்தால் அக்கா சொன்ன இதயத்தையும் பார்த்தாக வேண்டும்.

கேள்வி: கையில் பச்சையாகத் தெரிகிறதே, அதில் ஓடுவது கெட்ட ரத்தமா? - வாசகர், தருமபுரி

பதில்: இல்லை சார். ஓய்வாக இருக்கும்போது இதயத்துக்குத் திரும்பும் ரத்தத்தில் ஏறக்குறைய முக்கால் பங்கு ஆக்ஸிஜன் மிச்சமிருக்கும். நிறமும் கருஞ்சிவப்புதான், தோல் வழியாக வெளிச்சம் போய் வருவதால் பச்சையாகவோ நீலமாகவோ தெரிகிறது. ரத்தம் சுற்றிவருகிறது என்று 1628இல் புத்தகம் போட்ட வில்லியம் ஹார்வி, இந்தக் கைச் சிரையை வைத்துத்தான் ஒரு சோதனை காட்டினார், நீங்களும் செய்யலாம். புடைத்த சிரையை மணிக்கட்டுப் பக்கம் ஒரு விரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டு, இன்னொரு விரலால் முழங்கையை நோக்கி வழித்துவிடுங்கள். மேலிருந்து ரத்தம் வால்வு வரைதான் திரும்பி வரும், அதற்குக் கீழே சிரை காலியாகவே கிடக்கும். அழுத்திய விரலை எடுத்தால் கீழிருந்து சட்டென்று நிரம்பும்.