புதிதாக வாங்கிய வீட்டில் பெயர் தெரியாத செடிகள்: டீச்சர் பதில்கள்

தாவரவியல் நடத்தி ஓய்வு பெற்றவள் நான். வடசென்னையில் பழைய வீடு வாங்கி, பின்பக்கம் முளைத்திருப்பது என்னவென்று புரியாமல் நிற்பவர்கள் கேட்கலாம். படத்தில் பூ, தண்டு, இலையின் அடிப்பக்கம் மூன்றும் தெரிய வேண்டும். பெயர் தெரியாத எதையும் வாயில் வைக்காதீர்கள்.

திருவொற்றியூர்: கிணற்றடியில் பெரிய மரம். விடிந்தால் தரையெல்லாம் நட்சத்திரம் போலப் பொடிப்பூ. குப்பை என்று வெட்டச் சொல்கிறார்கள், டீச்சர்.

மகிழமரம். ஒற்றியூரில் இருந்துகொண்டு இதை வெட்டச் சொன்னது யார்? தியாகராஜர் கோயில் தலமரமே மகிழம்தான். சங்கிலியாரைப் பிரிய மாட்டேன் என்று சுந்தரர் சத்தியம் செய்தது அதன் அடியில். மீறினார், கண் போயிற்று. கதையை விடுங்கள், பூவைக் கோத்து அலமாரியில் வையுங்கள், காய்ந்த பிறகும் மணக்கும். சந்தேகம் இருந்தால் ஒரு இலையைக் கிள்ளுங்கள், பால் கசியும். சப்போட்டாவுக்குச் சொந்தக்காரன். காலையில் ஒரு தடவை பெருக்கினால் போதுமே.

வியாசர்பாடி: போன மாதம் கோடை மழை பெய்ததும் வீட்டைச் சுற்றி எலி செத்த நாற்றம். இரண்டு நாள் தேடினோம். கடைசியில் பார்த்தால் மண்ணிலிருந்து ஊதா நிறத்தில் என்னவோ கிளம்பியிருக்கிறது. இலையே இல்லை. பயமாக இருக்கிறது.

பயம் வேண்டாம், இது சேனைக்கிழங்கின் பூ. நாற்றம் எல்லாம் ஈக்கும் வண்டுக்கும் விடும் அழைப்பு. அழுகிய மாமிசம் என்று நம்பி வந்து மகரந்தத்தைச் சுமந்து போகும். சில நாளில் பூ சரிந்துவிடும். பிறகு அதே இடத்தில் புள்ளி புள்ளியாக ஒற்றைத் தண்டு வரும், உச்சியில் குடை விரித்த மாதிரி இலை. பாம்பு என்று அடிக்கப் போகாதீர்கள். பழைய வீட்டுக்காரர் நட்டதா, தானாக வந்த காட்டுக்கருணையா என்று படத்தை வைத்துச் சொல்ல முடியாது. காட்டுக்கருணை என்றால் நாக்கும் தொண்டையும் அரித்து எடுத்துவிடும், உள்ளே ஊசி ஊசியாகக் கால்சியம் ஆக்சலேட். அதனால் தோண்டிச் சமைக்க வேண்டாம்.

கொடுங்கையூர்: இது என்ன செடி? (இலை மட்டும்)

பூ எங்கே?

பெரம்பூர்: மஞ்சள் பூ, தரையெல்லாம் படர்ந்திருக்கிறது. மஞ்சள் கரிசலாங்கண்ணி என்று நர்சரியில் சொன்னார்கள். வாரம் மூன்று நாள் பொரியல் செய்கிறோம்.

நிறுத்துங்கள். இலையைப் பாருங்கள், நுனிப்பக்கம் மூன்றாகப் பிரிகிறதா? பிரிந்தால் இது அழகுக்கு வைக்கும் அமெரிக்கக் கொடி. சாலை நடுவிலும் அடுக்குமாடி வாசலிலும் இதைத்தான் நட்டிருக்கிறார்கள். நிஜ மஞ்சள் கரிசலாங்கண்ணிக்கு இலை நீளம், பிளவு கிடையாது.

கொருக்குப்பேட்டை: டீச்சர், எங்கள் ஆயா இதைத்தான் கடைந்து போடும். எண்பது வயது வரை நன்றாகத்தான் இருந்தது.

ஆயா பறித்தது எங்கே?

கொருக்குப்பேட்டை: ஊரில், வயல் வரப்பில்.

அப்படியானால் அது நிஜம். வாசலில் படர்ந்திருப்பது வேறு. பூ ஒரே மாதிரி இருப்பதால் வந்த குழப்பம்.

பெரம்பூர்: ஆறு மாதமாகச் சாப்பிடுகிறோம், ஒன்றும் ஆகவில்லையே.

ஆகவில்லை, சந்தோஷம். ஆனால் நீங்கள் தேடியது கரிசலாங்கண்ணி, தட்டில் விழுவது வேறு செடி. போய் இலையைப் பார்த்துவிட்டு வாருங்கள்.

மூலக்கடை: அப்போது வெள்ளைப்பூ கரிசலாங்கண்ணி எப்படித் தெரியும்?

இலையை உள்ளங்கையில் கசக்குங்கள். சற்று நேரத்தில் கை கறுக்கும். பூ நீளமான காம்பில் தனியாக நின்று, நடுவில் மஞ்சளாக இருந்தால் அது வெட்டுக்காயப் பூண்டு.

தண்டையார்பேட்டை: மஞ்சள் புனல் மாதிரிப் பூ, பச்சைக் காய். பசங்கள் கொட்டையை வைத்து விளையாடுகிறார்கள்.

இதை எல்லோரும் படியுங்கள். மஞ்சள் அரளி. விதை இதயத் துடிப்பையே குலைக்கும். கொட்டைகளைப் பொறுக்கி எறியுங்கள், பசங்கள் கையைக் கழுவுங்கள். யாராவது கடித்திருந்தால் வாந்தி எடுக்க வைப்பது, உப்புத் தண்ணீர் கொடுப்பது எதுவும் வேண்டாம். உடனே 108. காயை ஒரு பையில் போட்டு எடுத்துப் போங்கள்.

ராயபுரம்: கீழாநெல்லி கண்டுபிடித்துவிட்டேன். காமாலைக்கு எத்தனை நாள் அரைத்துக் குடிக்கணும்?

செடியின் பெயர் மட்டும் என் வேலை. காமாலைக்கு டாக்டரிடம் போங்கள்.

கொடுங்கையூர்: டீச்சர், செல்போன் ஆப் இதை ரோஜா என்கிறது.

ஆப் உங்கள் இலையைப் பார்த்துச் சொல்கிறது, நானும் அதைத்தான் பார்க்கிறேன். பூ, தண்டு, அடிப்பக்கம். மூன்றாவது தடவை எழுதுகிறேன்.

எண்ணூர்: கடற்கரைப் பக்கம் மனை. ஆட்டுக்குளம்பு மாதிரி இலை, ஊதாப் பூ, மணலில் கொடி ஓடுகிறது. பிடுங்கலாமா?

அடப்பங்கொடி. அதுதான் உங்கள் மணலைப் பிடித்து வைத்திருக்கிறது, விடுங்கள். உப்புக்காற்றில் வேறு எதை வளர்க்கப் போகிறீர்கள்? புதிதாக மனை வாங்கியவர்கள் எல்லோரும் முதல் நாளே ஜேசிபி வைக்கிறார்கள். ஒரு ஐப்பசி, கார்த்திகை மழை பார்த்த பிறகு வையுங்கள். மண்ணுக்குள் எந்தக் கிழங்கு தூங்குகிறது என்று இப்போது யாருக்குத் தெரியும்?

பெரம்பூர்: பார்த்துவிட்டேன் டீச்சர். மூன்றாகத்தான் பிரிகிறது. இன்றைய பொரியல் அடுப்பில் இருக்கிறது.

அடுப்பை அணையுங்கள்.