ஆலை மூடிய ஊரில் கடை போடலாமா?

சகோதரி, உங்கள் கணவர் வேலை பார்த்த ஆலை மூடி ஆறு மாதமாகிறது, வந்த செட்டில்மென்ட் பணத்தை மொத்தமாகப் போட்டு அதே ஊரில் மளிகைக் கடை தொடங்கப் போகிறேன் என்கிறார், தடுக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். தடுங்கள். ஆலையோடு போவது சம்பளம் மட்டுமில்லை, அந்தச் சம்பளத்தை நம்பியிருந்த சாப்பாட்டுக் கடை, சலூன், வாடகை வீடு எல்லாமே ஒன்றன்பின் ஒன்றாகப் படுத்துவிடும். ஏற்கெனவே இருக்கிற கடைக்காரரே கடன் நோட்டைப் புரட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கும்போது புதுக் கடையில் யார் ரொக்கம் கொடுத்து வாங்குவார்கள்? போதாததற்கு, அவரோடு வேலை இழந்த பலருக்கும் இதே யோசனைதான் ஓடிக்கொண்டிருக்கும்.

எதிலும் ஒட்டாமல் சும்மாவே கிடக்கிறார் என்று கோபப்பட்டிருக்கிறீர்கள். அது சோம்பேறித்தனம் இல்லை. ஆஸ்திரியாவில் மரியந்தால் என்ற ஊரின் துணி ஆலை 1930 வாக்கில் மூடியபோது ஆய்வாளர்கள் போய்ப் பார்த்தார்கள்: நேரம் கொட்டிக் கிடந்தும் நூலகத்தில் புத்தகம் எடுப்பது ஏறக்குறைய பாதியாகக் குறைந்தது, ஆண்கள் தெருவில் நடக்கும் வேகமே தளர்ந்துபோனது. ஆகவே திட்டிப் பயனில்லை, காலையில் கிளம்பிப் போக ஓர் இடம் இருந்தாலே பாதி சரியாகும்.

அப்புறம், பயோடேட்டாவில் 'மெஷின் ஆபரேட்டர்' என்று மட்டும் எழுதி அனுப்பாதீர்கள். எந்த மெஷின், பழுது வந்தால் எதுவரை தானே கழற்றி மாட்டுவார், எத்தனை பேருக்கு வேலை சொல்லிக்கொடுத்தார், எல்லாம் வரட்டும். வெளியூரில் பராமரிப்பு வேலை கிடைத்தால் முதலில் அவர் மட்டும் போகட்டும். வீட்டை இப்போது விற்காதீர்கள், ஊரே விற்கும் நேரத்தில் அடிமாட்டு விலைக்குத்தான் கேட்பார்கள்.