தோட்டத்துப் பாதைக்கு எந்த பிளேடு?

கேள்வி: தார் ரோட்டிலிருந்து தோட்டத்து வீடு வரை கிராவல் கொட்டிய பாதை. ஒவ்வொரு மழைக்கும் குழியும் சக்கரத் தடமுமாகிவிடுகிறது. 45 ஹெச்.பி. டிராக்டர் இருக்கிறது. பின்னால் மாட்ட, மண் நிரவும் சாதாரண பிளேடு வாங்கவா, பெட்டி பிளேடு வாங்கவா?
- தாராபுரம் வாசகர்

பதில்: குழிதான் தொல்லை என்றால் பெட்டி பிளேடு. முன்பக்கம் கொழு மாதிரி இருக்கும் பற்கள் இறுகிய கிராவலைக் கிளறிவிட, இரண்டு பக்கத் தகடும் மண்ணைச் சிதறவிடாமல் இழுத்துப்போய்ப் பள்ளத்தில் போடும். டாப் லிங்கை (டிராக்டரோடு பிளேடை மேல்பக்கம் இணைக்கும் தண்டு) சுருக்கினால் பல் ஆழமாக இறங்கும், நீட்டினால் சும்மா தடவிக்கொண்டு போகும். இது பிடிபட்டாலே பாதி வேலை முடிந்தது.

ஆனால் உங்களிடம் ஒன்பது கலப்பை (ஒன்பது கொழு உள்ள டிராக்டர் கலப்பை) இருக்குமே? கிளறுவதை அது பார்த்துக்கொள்ளும் என்றால் நான் சாதாரண பிளேடையே சொல்வேன். கோணம் திருப்பி, ஓரத்துக்கு ஒதுங்கிய சரளையை நடுவுக்கு இழுக்கலாம், பக்கத்து வாய்க்காலையும் சரி பண்ணலாம். அகலம் 7 அடி பாருங்கள். 6 அடி பிளேடை 30 டிகிரி திருப்பினால் 5 அடி சொச்சம்தான் மூடும், டிராக்டரின் டயர் தடம் அப்படியே நிற்கும்.

எதை வாங்கினாலும் குழியை மேலாக நிரப்பி மூடாதீர்கள், அடுத்த மழையில் அதே இடம் வாயைப் பிளக்கும். குழியின் அடிமட்டம் வரை கிளறிவிட்டு, மண்ணில் ஈரம் இருக்கும்போதே நிரவுங்கள். ஓரத்திலிருந்து நடுப்பகுதி வரை அடிக்கு அரை அங்குலம் உயரட்டும், அதாவது 10 அடிப் பாதையில் ஓரத்திலிருந்து நடு 5 அடி என்பதால், நடுவில் இரண்டரை அங்குலம்.

அப்புறம், வெட்டும் விளிம்பு போல்ட் கழற்றி மாற்றுகிற மாதிரி இருக்கிறதா என்று கடையிலேயே குனிந்து பார்த்துவிடுங்கள். வெல்டிங் வைத்தது என்றால் வேண்டாம்.