கேரவனில் நெல்லைச் சீமை சுற்றும்போது நெட்டுக்கு என்ன வழி?

டெம்போ டிராவலரைக் கேரவனாக மாற்றியிருக்கிறோம், நானும் மனைவியும் இரண்டு பேருமே வீட்டிலிருந்து வேலை பார்ப்பவர்கள், ஒரு மாதம் அம்பை, குற்றாலம், உவரி, திருச்செந்தூர் என்று சுற்ற ஆசை, மீட்டிங் தடைபடாமல் இருக்க எந்த ரவுட்டர் வாங்கலாம், எந்த சிம் போடலாம், ஸ்டார்லிங்க் சாட்டிலைட் நெட் சரிவருமா என்று கேட்டிருக்கிறீர்கள். எனக்குச் சொந்த ஊர் அம்பாசமுத்திரம் பக்கம். எங்க அத்தான் வேன் வைத்து ஓட்டுகிறார், அவர் வண்டியில் லேப்டாப்பைத் திறந்து வைத்து வேலை பார்த்துக்கொண்டே இந்தச் சீமை முழுக்க அலைந்திருக்கிறேன், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

வண்டி எங்கே நிற்கிறது என்பதுதான் முதல். அப்புறம் சிம். ரவுட்டர், ஆன்டெனா எல்லாம் அதற்கும் அப்புறம். நிறையப் பேர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள், பத்து இருபதாயிரத்தைக் கருவியில் போட்டுவிட்டு, இடம் அழகாக இருக்கிறது என்று மலையடியில் கொண்டுபோய் நிறுத்திவிட்டு, நெட் வரவில்லை என்று கருவியைத் திட்டுவார்கள்.

இந்த மண்ணின் அமைப்பை ஒரு தடவை மனதில் வாங்கிக்கொண்டால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும். மேற்கே பொதிகை மலை சுவர் மாதிரி நிற்கிறது. அதன் அடிவாரத்தில் களக்காடு, மணிமுத்தாறு, வி.கே.புரம் (விக்கிரமசிங்கபுரம்), பாபநாசம், கடையம் என்று வரிசையாக ஊர்கள். கிழக்கே போகப் போகச் சமவெளி, பனங்காடு, கடைசியில் செம்மணல் தேரிக்காடும் கடலும். டவரெல்லாம் ஊர்களையும் சாலைகளையும் பார்த்துத்தான் இருக்கின்றன. மதுரையிலிருந்து கன்னியாகுமரி போகும் நாலுவழிச் சாலையில் நாங்குநேரி, வள்ளியூர், பணகுடி என்று எங்கே நிறுத்தினாலும் பெரும்பாலும் கவலையில்லை. சமவெளியில் தொலைதூர டவர்கூடக் கண்ணுக்குத் தெரியும், அதனால் சிக்னலும் எட்டும். மலையடியில் அப்படி இல்லை, நடுவில் ஒரு குன்றோ பாறைச் சரிவோ வந்துவிட்டால் இரண்டு கிலோமீட்டரில் இருக்கும் டவரும் எடுக்காது. அங்கே சிக்னல் இல்லையென்றால் வண்டியை அரை கிலோமீட்டர் கிழக்கே, வயல்வெளிப் பக்கம் நகர்த்திப் பாருங்கள், அநேகமாக வந்துவிடும். இன்னொரு விஷயம், கூரையில் சோலார் போட்டிருந்தால் மலையை ஒட்டி நிறுத்தும்போது சாயங்காலம் சூரியன் சீக்கிரமே மலைக்குப் பின்னால் போய்விடும், கடைசி ஒன்றிரண்டு மணி நேரக் கரண்ட் கிடைக்காது. அதற்கும் கிழக்கே தள்ளி நிற்பதே நல்லது.

எந்த ஊரில் எந்த கம்பெனி நன்றாக எடுக்கும் என்பதற்கு கம்பெனிகள் போடும் கவரேஜ் வரைபடத்தை மட்டும் நம்பாதீர்கள். டீக்கடையில் கேளுங்கள். "அண்ணாச்சி, இங்க எந்த சிம்முல நெட்டு நல்லா எடுக்கும்?" என்று கேட்டால், கடைக்காரர் மட்டுமில்லை, பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் நாலு பேரும் சேர்ந்து சொல்வார்கள், எந்த மரத்தடியில் எடுக்கும், கரண்ட் போனால் எந்த டவர் முதலில் படுக்கும் என்பது வரைக்கும் தகவல் வரும். ஆன்லைனில் படிக்கும் பிள்ளைகள், ஜிபே வாங்கும் கடைக்காரர்கள் எல்லாம் தினமும் இதோடு மல்லுக்கட்டுபவர்கள், அவர்கள் சொல்வது தப்பாது.

சிக்னலைக் கோடுகளை எண்ணிப் பார்க்காதீர்கள், எண்ணாகப் பாருங்கள். ஆண்ட்ராய்டில் செட்டிங்ஸுக்குள் போனைப் பற்றிய பகுதியில் சிம் ஸ்டேட்டஸ் என்று இருக்கும், அதில் டிபிஎம் என்று ஒரு மைனஸ் எண் காட்டும். 4ஜியில் மைனஸ் 90-க்குப் பக்கம் இருந்தால் அருமை, மைனஸ் 105 வரை மீட்டிங் ஓடும், மைனஸ் 115-ஐத் தாண்டினால் வாட்ஸ்அப் மெசேஜே சுற்றிக்கொண்டிருக்கும். ஒருமுறை வி.கே.புரம் தாண்டி ஒரு தென்னந்தோப்பு ஓரமாக நின்றிருந்தோம், வேனுக்குள் சீட்டில் வைத்தால் மைனஸ் 113, அதே போனை ஏணியில் ஏறிக் கூரை கேரியரில் வைத்தால் மைனஸ் 102. பத்து டிபி வித்தியாசம் என்றால் சிக்னலின் பலம் பத்து மடங்கு வித்தியாசம். வேனின் தகர உடம்பும், வெயிலுக்காகக் கண்ணாடியில் ஒட்டும் சில வகை ஃபிலிமும் அவ்வளவு சிக்னலைத் தின்றுவிடுகின்றன. போனை மேலே வைத்துவிட்டு ஹாட்ஸ்பாட் போட்டு உள்ளே உட்கார்ந்து அன்றைய மீட்டிங்கை முடித்தேன். ரவுட்டர் வாங்குவதற்கு முன்னால் இந்த ஒரு சோதனையைச் செய்து பாருங்கள், செலவே இல்லாத வழி இதுதான்.

சிம் விஷயத்துக்கு வருவோம். இரண்டு பேருக்கும் ஒரே கம்பெனி சிம் வேண்டவே வேண்டாம். அதிலும் ஒரு நுணுக்கம் இருக்கிறது, ஏர்டெல்லும் விஐயும் பல இடங்களில் இண்டஸ் டவர்ஸ் நிறுவனத்தின் ஒரே கோபுரத்தில்தான் தங்கள் கருவிகளை மாட்டியிருக்கின்றன, அதனால் அந்தக் கோபுரத்தில் கரண்டும் போய் பேட்டரியும் இறங்கிவிட்டால் இரண்டும் சேர்ந்தே படுத்துவிடும். ஆகவே ஒருவரிடம் ஜியோ, இன்னொருவரிடம் ஏர்டெல், மூன்றாவதாகச் சும்மா கிடக்கட்டும் என்று ஒரு பிஎஸ்என்எல். பிஎஸ்என்எல்லை ஒதுக்காதீர்கள், 2025 செப்டம்பரில் உள்நாட்டுத் தொழில்நுட்பத்திலேயே அமைந்த 4ஜியை நாடு முழுக்கத் தொடங்கிவிட்டார்கள், அதில் 700 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையும் உண்டு. அலைவரிசை எண் குறையக் குறைய அலை தூரமும் போகும், மரம் சுவர் எல்லாவற்றையும் ஓரளவு ஊடுருவவும் செய்யும், தோப்புக்குள் நிற்கும் வண்டிக்கு இது பெரிய உதவி. உங்கள் போனோ ரவுட்டரோ இந்த 700-க்கான பேண்ட் 28-ஐ ஆதரிக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள், இல்லையென்றால் டவர் பக்கத்திலேயே இருந்தாலும் அந்த 700 உங்களுக்குப் பயன்படாது. 5ஜி பாளையங்கோட்டை, நெல்லை ஜங்ஷன் மாதிரி இடங்களில் பிரமாதம். ஆனால் அதிகம் புழங்கும் 3,500 மெகாஹெர்ட்ஸ் பக்கத்து அலை ரொம்ப தூரம் எட்டாது, ஊருக்கு வெளியே போன் 5ஜிக்கும் 4ஜிக்கும் மாறி மாறித் தாவும், அந்தத் தாவலில்தான் மீட்டிங் அறுந்துபோகும். முக்கியமான கால் இருக்கும்போது 4ஜி மட்டும் என்று செட்டிங்கை மாற்றி வைத்துவிடுங்கள்.

தினமும் 2 ஜிபி தரும் பிளானை நம்பி வராதீர்கள். வீடியோ மீட்டிங் ஒரு மணி நேரத்துக்கு ஒரு ஜிபி, ஹெச்டி என்றால் அதற்கும் மேலேயே இழுக்கும். வரம்பு தீர்ந்ததும் வேகம் 64 கேபிபிஎஸ்ஸுக்கு இறங்கிவிடும், அதில் மெயில்கூடத் திறக்காது. மொத்தமாக டேட்டா தரும் பேக்கையோ போஸ்ட்பெய்டையோ பாருங்கள். கேமராவை அணைத்துவிட்டுக் குரலில் மட்டும் பேசினால் செலவு பல மடங்கு குறையும், இதை அலுவலகத்தில் முன்கூட்டியே சொல்லி வைத்துவிடுங்கள்.

சரி, கருவிகள். அமெரிக்காவில் கேரவன் வைத்திருப்பவர்களின் வீடியோவைப் பார்த்துவிட்டு சிக்னலைப் பெருக்கும் பூஸ்டர் வாங்க நினைத்திருந்தால் அதை இப்போதே மறந்துவிடுங்கள். அங்கே அங்கீகரிக்கப்பட்ட பூஸ்டரைப் பதிவு செய்துகொண்டு யாரும் பயன்படுத்தலாம். இங்கே அனுமதியில்லாமல் வைத்திருப்பதே குற்றம், 1933-ஆம் வருட வயர்லெஸ் சட்டக் காலத்திலிருந்தே அப்படித்தான். ஆன்லைனில் விற்கிறார்களே என்பது பதிலாகாது. சட்டத்தை விட்டுவிட்டுப் பார்த்தாலும், மட்டமான பூஸ்டர் இரைச்சலையும் சேர்த்துப் பெருக்கி டவருக்கு அனுப்பும், உங்கள் ஒருவர் வசதிக்காக அந்த ஊர்க்காரர் அத்தனை பேர் போனும் திணறும். அதை நாம் செய்யக் கூடாது. ஸ்டார்லிங்க் 2025 ஜூனில் இந்தியாவில் உரிமம் பெற்றது, ஆனால் வெளிநாட்டில் வாங்கிய கிட்டைக் கொண்டுவந்து இங்கே கூரையில் மாட்ட அனுமதி கிடையாது. சாட்டிலைட் போனும் அப்படித்தான், கையில் வைத்திருந்தாலே வழக்கு வரும்.

வாங்க வேண்டியது, சிம் போடும் வசதியும், கழற்றி மாட்டும் ஆன்டெனாவும் உள்ள 12 வோல்ட் ரவுட்டர். சாதாரண வெளி ஆன்டெனா மாட்டுவது பூஸ்டர் ஆகாது, பிரச்சினை இல்லை. 4ஜி இரண்டு வழியில் தரவு அனுப்புவதால் ஆன்டெனாவும் இரண்டு வேண்டும், ஒன்றை மட்டும் மாட்டினால் வேகம் அடிபடும். கேபிள் நீளம்தான் எல்லோரும் கோட்டை விடும் இடம், ஐந்து மீட்டர் மெல்லிய கேபிள் போட்டால் கூரையில் பிடித்த சிக்னலில் பெரும் பகுதியைக் கேபிளே குடித்துவிடும். ரவுட்டரைக் கூரைக்கு நேர் கீழே, ஒரு மேல் அலமாரிக்குள் வைத்து, ஒரு மீட்டருக்குள் கேபிளை முடியுங்கள். துளை போட்ட இடத்தில் கிராம்மெட் என்கிற ரப்பர் வளையம் மாட்டி சிலிக்கான் பூசாவிட்டால் ஐப்பசி மழையில் தண்ணீர் உள்ளே இறங்கும்.

கம்பத்தில் உயர்த்தி வைக்கும் ஆன்டெனா என்றால் ஒரு எச்சரிக்கை. ஆரல்வாய்மொழிக் கணவாய்க் காற்று காவல்கிணறு, பணகுடி பக்கம் எப்படி அடிக்கும் என்று அங்கே நிற்கும் காற்றாலைகளைப் பார்த்தாலே தெரியும். ஆடிக் காற்றில் அம்மியே பறக்கும் என்பார்கள், ஆனி முதல் ஆவணி வரை கம்பத்தை நட்டுவிட்டுத் தூங்கப் போகாதீர்கள். கூடங்குளம் அணுமின் நிலையம், மகேந்திரகிரியில் இஸ்ரோ வளாகம் இருக்கும் பகுதிகளில் எந்த மாதமானாலும் கம்பம் வேண்டாம். ஆன்டெனா தூக்கி நிற்கும் வெளியூர் வண்டியைப் பாதுகாப்புப் படையினர் வந்து விசாரிப்பது அவர்கள் கடமை, உங்கள் நாள்தான் வீணாகும்.

கரண்ட் பற்றிச் சுருக்கமாக. ரவுட்டர் சுமார் 10 வாட்ஸ்தான், பேட்டரியிலிருந்து நேரடியாகவே ஓடும். லேப்டாப்புக்கு இன்வெர்ட்டர் போடாமல் 12 வோல்ட்டில் வேலை செய்யும் டைப்-சி சார்ஜர் வாங்கிவிட்டால் வீணாவது குறையும். வெயில்தான் பெரிய எதிரி, சித்திரையில் டேஷ்போர்டில் போனை வைத்து ஹாட்ஸ்பாட் போட்டால் சூடேறித் தானே வேகத்தைக் குறைக்கும், கடைசியில் அணைந்தும்விடும்.

டவர் முழுக் கோடு காட்டியும் நெட் நகராத நாட்கள் உண்டு, கூட்டம்தான் காரணம். ஒரு டவரின் வேகத்தை அங்கே இருக்கிற எல்லோரும் பங்கு போட்டுக்கொள்கிறோம். குற்றாலம் சாரல் சீசனில் சனி ஞாயிறு, நெல்லையப்பர் கோயில் ஆனித் தேரோட்டம், ஆடி அமாவாசைக்குக் காரையாறு சொரிமுத்து அய்யனார் கோயில், கந்த சஷ்டி சூரசம்ஹாரத்தன்று திருச்செந்தூர்க் கடற்கரை, இந்த நாட்களில் எந்த ரவுட்டரும் எந்த ஆன்டெனாவும் உதவாது. கூட்டத்தோடு கூட்டமாகச் சாமியைக் கும்பிட்டுவிட்டு வாருங்கள், வேலையை அதிகாலை நாலரை ஐந்து மணிக்கு வைத்துக்கொள்ளுங்கள், அந்த நேரத்தில் அதே டவர் பறக்கும். குற்றாலத்துக்கு வரும்போது தென்காசி, இலஞ்சி, செங்கோட்டை பக்கம் தள்ளி நிறுத்தினால் இன்னும் நல்லது. அவசரத்துக்கு ரயில் நிலைய வைஃபை இருக்கிறது, நாளுக்கு முதல் 30 நிமிடம் இலவசம், ஒரு பெரிய ஃபைலை அனுப்ப அது போதும்.

ஐப்பசி, கார்த்திகை, மார்கழியில் வருவதாக இருந்தால் ஒன்று சொல்லியே ஆக வேண்டும். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் அளவுக்கு மழை கொட்டியது, ஸ்ரீவைகுண்டத்தில் ரயிலே பயணிகளோடு நின்றுபோனது, கரண்டும் போனும் இல்லாமல் ஊர் ஊராகத் துண்டிக்கப்பட்டோம். அந்த மாதிரி நேரத்தில் எத்தனை சிம் இருந்தாலும் பயனில்லை. கூகுள் மேப்ஸில் இந்த மாவட்டங்களை ஆஃப்லைனாக இறக்கி வையுங்கள், வீட்டாரின் எண்களைத் தாளில் எழுதி வையுங்கள், கையில் ரொக்கம் வைத்துக்கொள்ளுங்கள், கனமழை எச்சரிக்கை வந்த அன்றே தாமிரபரணிக் கரையை விட்டும் குளத்தங்கரையை விட்டும் மேட்டுக்கு நகர்ந்துவிடுங்கள். அலுவலக லாகினுக்கு எஸ்எம்எஸ் ஓடிபிக்குப் பதில் ஆதன்டிகேட்டர் ஆப் வைத்துக்கொண்டால் டவர் இல்லாத இடத்திலும் எண் வரும்.

மணிமுத்தாறு செக்போஸ்ட் தாண்டி மாஞ்சோலைப் பக்கமோ, பாபநாசம் தாண்டி முண்டந்துறைக்குள்ளோ போகும் நாளுக்கு லீவு போட்டுவிடுங்கள். அது புலிகள் காப்பகம், வண்டியில் இரவு தங்க விடமாட்டார்கள், நெட்டையும் எதிர்பார்க்கக் கூடாது. காட்டுக்குள் டவர் தேடி அங்கங்கே வண்டியை நிறுத்தி இறங்குவது உங்களுக்கும் ஆபத்து, விலங்குகளுக்கும் தொந்தரவு. செக்போஸ்ட்டுக்கு முன்னாலேயே வீட்டுக்கு ஒரு கால் போட்டு, எத்தனை மணிக்குத் திரும்புவோம் என்று சொல்லிவிட்டு ஏறுங்கள்.

புது சிம் வாங்குவதாக இருந்தால் கிளம்புவதற்கு ஒரு வாரம் முன்னாலேயே ஆதாரோடு போய் வாங்கி, ரவுட்டரில் போட்டு, வண்டியை உங்கள் வீட்டு வாசலில் நிறுத்தி அதற்குள் உட்கார்ந்தே இரண்டு நாள் வேலை பார்த்துவிடுங்கள். சிம் ஆக்டிவேட் ஆகவில்லை, ரவுட்டரில் செட்டிங் சரியில்லை, பேட்டரி மதியமே இறங்குகிறது என்பதெல்லாம் அங்கேயே தெரிந்துவிடும். எந்த மாதம் வருகிறீர்கள் என்று கமெண்டில் போடுங்கள், அதைப் பொறுத்து எந்தப் பக்கம் முதலில் போகலாம், எங்கே வண்டி நிறுத்தலாம் என்று சொல்கிறேன்.